பக்கத்து ஆள் சொன்ன எண்

முப்பத்தொரு பேருக்கும் வலியே இல்லை என்று தாளில் எழுதியிருந்தது. எழுதியவள் சிஸ்டர். எழுதிவிட்டு அதில் ஒரு வரியைக்கூட நம்பாமல் முறைத்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

"ஒருத்தருக்கு ஈரல் முழுக்கக் கட்டி. இன்னொருத்தருக்குக் கால்ல எலும்பு தெரியுது. டிரைவருக்கு இடுப்பெலும்புல புத்து வந்து உக்காந்திருக்கு. வலி பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டா பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். உங்களையெல்லாம் என்ன, இரும்புல வார்த்தா பட்டாளத்துக்கு அனுப்பினாங்க?"

அடுப்பருகே டீ போட்டுக்கொண்டிருந்த ரேடியோ திரும்பிப் பார்க்கவில்லை. எழுபத்துநாலு வயது. படையில் கம்பியில்லாத் தந்தி இயக்கியவர். இப்போது யாரும் பித்தானைத் திருகாமலே பேசிக்கொண்டிருப்பவர் என்பதால் பெயர் அப்படி நின்றுவிட்டது. சிஸ்டருக்கு வண்டி ஓட்டுவது, மருந்துப் பெட்டி தூக்குவது, வீட்டுக்காரர்களைச் சிரிக்கவைப்பது எல்லாம் அவர் தானாக வந்து எடுத்துக்கொண்ட வேலை.

"டீ ஆறுது சிஸ்டர்," என்றார்.

முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் பின்பக்கம், உடைந்த கட்டில்கள் போட்டுவைத்திருந்த இரண்டு அறைகள். அவற்றைக் காலிசெய்து, சுண்ணாம்பு அடித்து, ஒரு மேசையும் அலமாரியும் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. புற்றுநோய் வார்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தே கிடந்தவள் சிஸ்டர். அங்கே எத்தனையோ பேர் கடைசி நாளில் வீட்டுக்குப் போகணும் என்று கையைப் பிடித்துக் கெஞ்சியதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் பொறுக்காமல் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை இது. குணமாகாத நோயோடு இருக்கும் பழைய சிப்பாய்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது. வலி இல்லாமல், புண் வராமல், மூச்சு முட்டாமல், அவமானப்படாமல் அவர்கள் போக வேண்டும். அவ்வளவுதான் திட்டம். ஆறு மாதம் நடத்திக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்றது நிர்வாகக் குழு. அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

குழுத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற கர்னல். தாளைப் பார்த்ததும் அவருக்கு மீசைக்குள்ளேயே சிரிப்பு வந்தது. "பாத்தீங்களா, எங்க ஆளுங்க அப்படித்தான். வலியே இல்லாதவங்களுக்கு வலித் திட்டம் எதுக்கு சிஸ்டர்? அந்த ரூமை பிசியோதெரபிக்குக் கேக்கறாங்க," என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். அவர் நல்லவிதமாகச் சொன்னதுதான் சிஸ்டரைப் பயமுறுத்தியது.

தாளில் ஒரு பக்கம் எண்கள், பூஜ்யம் முதல் பத்துவரை. மறுபக்கம் எழுத்து தெரியாதவர்களுக்காக வட்ட முகங்கள், சிரிக்கிற முகம் தொடங்கி அழுகிற முகம்வரை. வார்டில் இதே தாளை வைத்துத்தான் காலம் தள்ளினாள். கடைக்காரர், வாத்தியார், சமையல்காரர் எல்லாம் தயங்காமல் ஏழு எட்டு என்று சொல்லி அழுவார்கள். இவர்கள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கணக்காகச் சிரிக்கிற முகத்தைத் தொடுவார்கள். அழுகிற முகத்தைத் தொட ஒரு ஆண்பிள்ளைக்கும் துணிச்சல் வரவில்லை.

"கிளம்புங்க. டிரைவர் வீடு," என்று சிஸ்டர் டீயை நின்றபடியே குடித்துவிட்டு நடந்தாள்.

டிரைவரின் வீடு சைக்கிள் ரிப்பேர்க் கடைக்குப் பின்னால், மழைத் தண்ணீர் வடியாத ஒரு சந்தில் இருந்தது. எண்பத்தொரு வயது. முப்பது வருடம் படை வண்டி ஓட்டியவர், அதற்குப் பிறகு இருபது வருடம் லாரி. சிஸ்டர் வரும் நாள் என்றால் காலையிலேயே சவரம் செய்து, சட்டைக்குக் கழுத்துப் பித்தான்வரை போட்டு, முன்னறை நாற்காலியில் கைப்பிடி இரண்டையும் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றும் அப்படித்தான் இருந்தார். இடது கன்னம் மொழுமொழுவென்று இருந்தது. வலது கன்னத்தில் தாடைக்குக் கீழே நரைமுடி திட்டுத்திட்டாக நின்றது.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"நல்லாருக்கேம்மா."

"வலி?"

"அப்படி ஒண்ணும் இல்ல."

"தூக்கம்?"

"நல்லா வருது."

"சாப்பாடு?"

"அதுக்கென்ன கொறச்சல்."

கதவோரம் நின்ற அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பழைய கதை ஒன்றை ஆரம்பித்தார். சமையல்காரன் ஒருவன் கழுதையை மேலதிகாரி என்று நினைத்து இருட்டில் சல்யூட் அடித்த கதை. சிஸ்டர் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்து, முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்து, மாத்திரைகளை எண்ணினாள். கொடுத்ததில் பாதி அப்படியே இருந்தது.

கை கழுவ உள்ளே போனபோது அந்த அம்மா பின்னாலேயே வந்தாள். எழுபத்தாறு வயது. சின்ன உடம்பு. அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

"அவரு பேச்சை எழுதாதீங்க சிஸ்டர். இதைப் பாருங்க," என்று கொடியிலிருந்து ஒரு துண்டை உருவிக் காட்டினாள். வெள்ளைத் துண்டு. ஒரு முனை நைந்து நூல்நூலாகத் தொங்கியது. "பல்லு. வாயில திணிச்சுக்கிட்டுக் கடிப்பாரு. நான் முழிச்சிருக்கேன்னு அவருக்குத் தெரியக்கூடாது, அவரு முழிச்சிருக்கிறது எனக்குத் தெரியக்கூடாது. இப்படியே ரெண்டு பேரும் செவுத்தைப் பார்த்துப் படுத்திருக்கோம்."

"நீங்க கேட்டா என்ன சொல்றாரு?"

"எரிஞ்சு விழுவாரு. அப்பறம் அரை மணி நேரம் கழிச்சு, டீ போடவான்னு எங்கிட்டயே கேப்பாரு. எழுந்து நிக்க முடியாது, டீ போடறாராம்!" அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். முகம் சிரிப்புக்கு ஒத்துழைக்கவில்லை.

சிஸ்டருக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"எட்டு," என்றார் ரேடியோ, சாவியைத் திருகிக்கொண்டே.

"என்ன எட்டு?"

"அண்ணனுக்கு எட்டு. ஏழரைன்னு எழுத எடமிருந்தா எழுதுங்க. ஆனா எட்டுதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கழுதை கதையில சிரிக்க வேண்டிய எடம் கடைசியிலதானே வருது? மனுஷன் பாதியிலேயே சிரிச்சிட்டாரு. கதை சீக்கிரம் முடிஞ்சா நாம சீக்கிரம் கிளம்புவோம்ல. அப்பறம் அந்தக் கன்னம். வலது பக்கம் சவரம் பண்ண ஒடம்பைக் கொஞ்சம் திருப்பணும். அந்தக் கொஞ்சம் முடியல. நாற்காலியை விட்டுக் கையை எடுத்தாரா? எடுக்கல. எடுத்தா இடுப்புல பாரம் இறங்கும்."

சிஸ்டர் அவரையே பார்த்தாள். ஐந்து மாதமாக இந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசியிருக்கிறார். இதை மட்டும் சொன்னதே இல்லை.

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்கிட்டக் கேக்கலையே! அவருகிட்டல்ல கேட்டீங்க?"

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கண்ணாடி துடைப்பான் ஒன்றுதான் வேலை செய்தது, அதுவும் சிஸ்டர் பக்கத்தில். ரேடியோ குனிந்து அவள் பக்கத்துக் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

"பட்டாளத்துல ஒடம்பு சரியில்லன்னா காலையில டாக்டர் முன்னாடி வரிசையில நிக்கணும் சிஸ்டர். டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா, ஏமாத்தறான்னு மூட்டையைத் தூக்கிட்டு மைதானத்தைச் சுத்த விடுவாங்க. பத்தொன்பது வயசுல ஒரு தடவை சுத்தினவன் அதுக்கப்பறம் எனக்கு வலிக்குதுன்னு செத்தாலும் சொல்லமாட்டான். ஆனா பனி மலையில போட்டாங்கன்னா வேற சட்டம். ரெண்டு ரெண்டு பேரா ஜோடி. மணிக்கொரு தடவை ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்க்கணும். பனி பிடிச்சா மூக்கு வெளுத்துடும், மரத்துடும், தனக்குத் தெரியாது. பக்கத்துல இருக்கிறவன்தான் சொல்லணும். சொல்லாம விட்டு மூக்கு போச்சுன்னா, தண்டனை மூக்கு போனவனுக்கு இல்ல, ஜோடிக்காரனுக்கு."

"ஆக, தன்னைப் பத்திச் சொன்னா தண்டனை."

"பக்கத்து ஆளைப் பத்திச் சொல்லாட்டாத் தண்டனை. அவ்வளவுதான் சிஸ்டர் எங்க படிப்பு."

"வண்டியைத் திருப்புங்க," என்றாள் சிஸ்டர். "ஆபீசுக்குப் போகணும். தாளை மாத்தணும்."

புதுத் தாளில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டம், நோயாளி தானே சொன்னது. இரண்டாவது கட்டம், ஜோடி சொன்னது. ஜோடிக்கு எங்கே போவது? மருத்துவமனைக் கேன்டீனில் தினமும் சீட்டாடுகிற கூட்டம் ஒன்று இருந்தது. எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள். வீட்டில் பேரப்பிள்ளைக்குத் தொந்தரவு, மருமகளுக்குத் தொந்தரவு என்று காலையிலேயே துரத்தப்பட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்கள். சிஸ்டர் போய் சீட்டுக்கட்டின்மேல் கையை வைத்தாள்.

"எத்தனை பேருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்?"

பதினெட்டு கைகள் உயர்ந்தன. பாதிக்குமேல் பொய். இருந்தாலும் எடுத்துக்கொண்டாள். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ வீடு என்று பிரித்தாள். மூன்று நாள் பின்னறையில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். புருவத்தைப் பார், கையைப் பார், எழும்போது மூச்சைப் பிடிக்கிறாரா பார், கஷாயம் கொடுக்காதே, புத்திமதி சொல்லாதே, பாட்டில் கொண்டுபோகாதே. கடைசி உத்தரவைக் கேட்டதும் ஒருத்தர் மெல்லப் பையை மேசைக்கடியில் தள்ளினார். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு சார்ஜெண்ட் என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டாள்.

ஒரு வாரத்தில் ஜோடிகள் எழுதிய குறிப்புச் சீட்டுகள் வர ஆரம்பித்தன. சிஸ்டர் தன் வாழ்நாளில் அப்படிப்பட்ட மருத்துவக் குறிப்புகளைப் படித்ததில்லை. மாடி வீட்டு பீரங்கிக்காரரின் ஜோடி எழுதியிருந்தார்: "ஏழு. தலையணை தலையிலிருந்து இடுப்புக்கு வந்துவிட்டது. மருமகளோடு சண்டை போடவில்லை. இது நல்லதற்கில்லை." இன்னொருவர்: "ஆறு. செருப்பைக் குனிந்து போடாமல் காலால் தேடுகிறார்." மற்றொருவர்: "ஒன்பது. நான் சீட்டில் ஏமாற்றினேன், கண்டுபிடிக்கவில்லை."

மருத்துவமனை டாக்டரம்மா ஒவ்வொரு சீட்டையும் படித்து, நேரில் போய்ப் பார்த்து, மருந்து எழுதினாள். பீரங்கிக்காரர் நாலாம் நாள் மருமகளிடம் உப்பில்லை என்று கத்தினார் என்ற செய்தி வந்தபோது பின்னறையில் எல்லாரும் கைதட்டினார்கள். ஏழு மூன்றாயிற்று. ஆறு இரண்டாயிற்று. இறங்காமல் நின்றது டிரைவரின் எட்டு ஒன்றுதான். வலிக்கு டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மார்ஃபின் மருந்துப் புட்டியை மூன்று தடவை கொண்டுபோனாள் சிஸ்டர். மூன்று தடவையும் அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிர்வாகக் குழு மாடியில் கூடியது. கர்னல் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"போன மாசம் பூஜ்யம். இந்த மாசம் ஏழு, எட்டு, ஒன்பது. என்ன சிஸ்டர், நீங்க போய்ப் பார்க்கப் பார்க்க வலி ஏறுதே!"

மேசையைச் சுற்றி மெல்லிய சிரிப்பு.

"வலி ஏறல சார். பொய் இறங்கியிருக்கு."

சிரிப்பு நின்றது. கர்னலின் முகம் சிவந்தது. "எங்க ஆளுங்க பொய் சொல்லமாட்டாங்க சிஸ்டர்."

"உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு சார்?"

"எனக்கென்ன? நல்லாருக்கேன்."

சிஸ்டர் சுவரோரம் நின்ற ரேடியோவைத் திரும்பிப் பார்த்தாள். "கர்னல் சாருக்கு எத்தனை?"

ரேடியோவுக்கு வியர்த்துவிட்டது. நாற்பது வருடப் பழக்கம் காலைச் சேர்த்து நிறுத்தியது. "ஆறு, சார்," என்றார் சுவரைப் பார்த்து. "மாடிப்படியில ரெண்டு தடவை நின்னீங்க. நோட்டீஸ் போர்டைப் படிக்கிற மாதிரி. அந்த போர்டுல ஒரு வருஷமா ஒரே நோட்டீஸ்தான் சார் இருக்கு."

கர்னல் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"ஆறு இல்ல," என்றார் கடைசியில். "ஏழு."

அதற்குப் பிறகு குழுவில் பேச அதிகம் இருக்கவில்லை. திட்டத்துக்கு இன்னும் இரண்டு வருடம், வண்டிக்கு இரண்டாவது கண்ணாடி துடைப்பான், அறை பிசியோதெரபிக்கு இல்லை. எழுந்து போகும்போது கர்னல் தாளில் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"கண்டுபிடிச்சு எழுதறது பெரிய விஷயம்தான். ஆனா எழுதினதோட நின்னா? இந்த டிரைவர், மூணு வாரமா எட்டு. ஏன்?"

"மருந்து வேணாங்கிறாரு சார்."

"ஏன் வேணாமாம்?"

"தெரியல சார். இன்னிக்குத் தெரிஞ்சுக்காம அந்த வீட்டை விட்டு வரமாட்டேன்," என்றாள் சிஸ்டர்.

நேராக டிரைவர் வீட்டுக்குத்தான் போனார்கள். பிற்பகல். சந்தில் தண்ணீர் வடிந்து சேறு நின்றது. டிரைவர் இப்போது நாற்காலிக்கு வருவதில்லை. பின்னறைக் கட்டிலில், ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுத்திருந்தார். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. சிஸ்டரைப் பார்த்ததும் எழப் பார்த்தார். உதடு மடங்கிப் பல்லுக்குள் போயிற்று.

சிஸ்டர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து புட்டியை வெளியே எடுத்துவைத்தாள்.

"இன்னிக்கு நான் எப்படி இருக்கீங்கன்னு கேக்கப்போறதில்ல. இதை ஏன் வேணாங்கிறீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"வேணாம்மா."

"காரணம் சொல்லுங்க. நான் இங்கேதான் உக்காந்திருப்பேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் சேர்த்து அம்மாகிட்ட சூப் கேட்டிருக்கேன்."

அவர் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அது போறவனுக்குக் குடுக்கிறது," என்றார்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே பார்த்தேன். சண்டையில ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டினேன். மலை ரோடு. வண்டியில நாலு ஸ்ட்ரெச்சர்தான் போகும். கீழே ஏழு பேரு கிடக்கறாங்க. தேறாதவனுக்கு இந்த மருந்தை ஊசியில போட்டு, நெத்தியில பென்சிலால ஒரு குறி வைப்பாங்க. குறி இருக்கிறவன் கடைசி. பிழைக்கிறவன் முதல்ல. அதுதான் ஆர்டர். தப்புன்னு சொல்லமாட்டேன். அப்படித்தான் செய்ய முடியும்." மூச்சு வாங்கினார். "குறி வச்ச மூணு பேரை ரோட்டோரம் விட்டுட்டு, ரெண்டாவது ட்ரிப்புல வரேன்னு சொன்னேன். ஒருத்தன் மட்டும் கண்ணைத் தெறந்து சரின்னான். ரெண்டாவது ட்ரிப் போகல. ரோடே போயிடுச்சு."

கதவோரம் நின்ற மனைவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. "தூக்கத்துல ரெண்டாவது ட்ரிப், ரெண்டாவது ட்ரிப்னு சொல்வாரு," என்றாள். "நான் ஏதோ லாரி விவகாரம்னு நெனச்சேன்."

சிஸ்டர் கட்டிலை ஒட்டி நகர்ந்தாள். "ஐயா, என் ரவுண்டுல அது தலைகீழ். இந்த மருந்தை எந்த வீட்டுல ஆரம்பிக்கிறேனோ, மறுநாள் முதல் ட்ரிப் அந்த வீட்டுக்குத்தான். காலையில எட்டு மணிக்கு இங்கே இருப்பேன்."

"நானும் அப்படித்தாம்மா சொன்னேன்," என்றார் டிரைவர். கோபமில்லாமல் சொன்னார்.

சூப் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டு அந்த அம்மா உள்ளே ஓடினாள். ஓட்டம் நாலு அடியில் நடையாகி, நடை சுவரைப் பிடித்துக்கொண்டது. சிஸ்டர் அதைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாகப் பார்த்தாள். தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

அம்மா திரும்பி வந்ததும் சிஸ்டர் கேட்டாள்: "ஐயா, உங்க ஜோடிக்கு எத்தனை?"

"என் ஜோடி இவன்தானே," என்று ரேடியோவைக் கண்ணால் காட்டினார்.

"அவரு மூணு வாரத்து ஜோடி. அம்பத்திரண்டு வருஷத்து ஜோடியைக் கேக்கறேன்."

அந்த அம்மா சட்டென்று முதுகை நிமிர்த்தினாள். "எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"இதைத்தாம்மா நாங்களும் சொல்லிட்டிருக்கோம்," என்றார் ரேடியோ.

டிரைவர் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். மெதுவாக, கால்முதல் தலைவரை பார்த்தார். கிளம்புவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றிவந்து பார்ப்பவரின் பார்வை அது.

"ஒன்பது," என்றார்.

"ஐயையே, என்ன பேச்சு இது..."

"நீ சும்மா இரு. சிஸ்டர், எழுதும்மா. காலையில என்னை நிமித்தும்போது மூச்சைப் பிடிச்சுக்கறா. டம்ளரை ரெண்டு கையால தூக்கறா. ரெண்டு மாசமா இவ தூங்கல. நான் துண்டைக் கடிச்சா முழிச்சுப்பா. முழிச்சது எனக்குத் தெரியக்கூடாதுன்னு மூச்சைச் சீரா விடுவா. தூங்கறவ அவ்வளவு சீரா மூச்சு விடமாட்டா. எனக்குத் தெரியாதா? பக்கத்துலதானே கிடக்கேன்."

அவள் அழுதாள். முந்தானையைத் தேடாமல், முகத்தை மறைக்காமல் நின்ற இடத்திலேயே அழுதாள். "தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, படுத்துக் கிடக்கிறதையும் விட்டுட்டு எழுந்து உக்காந்துப்பியே."

சிஸ்டர் புட்டியைக் கையில் எடுத்தாள். "இந்த ஒன்பதுக்கு எங்கிட்ட மருந்து கிடையாது ஐயா. நீங்க தூங்கினாத்தான் அவங்க தூங்குவாங்க. உங்க எட்டு இறங்காம அவங்க ஒன்பது இறங்காது. ஜோடிக்காரன் பொறுப்பு என்னன்னு நான் சொல்லித்தர வேண்டியதில்ல."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ரோட்டோரத்தைப் பார்க்கிறாரா, மனைவியைப் பார்க்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. சந்தில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டே போயிற்று.

"கசக்குமா?"

"கசக்கும்."

"குடு."

அளவுக் கோப்பையை அவர் வாயருகே கொண்டுபோனது அந்த அம்மாதான். ஒரு துளி சிந்தாமல் ஊற்றினாள். சிஸ்டர் அடுத்தடுத்த வேளைகளைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். முதல் நாள் நல்ல தூக்கம் வரும், பயப்பட வேண்டாம், மலச்சிக்கல் வரும், அதற்கு இந்த மாத்திரை என்று எல்லாம் சொன்னாள். கிளம்பும்போது டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை. கதவுவரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பின்கழுத்தில் சுட்டது.

மறுநாள் எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வண்டி சைக்கிள் கடை முன்னால் நின்றது. மழை இல்லை. சேறு காய்ந்து விளிம்பு வெடித்திருந்தது. சிஸ்டர் கதவைத் தட்டினாள்.

திறக்கவில்லை.

அந்த வீட்டில் இதுவரை இரண்டாவது தடவை தட்டியதில்லை. சந்து முனையில் வண்டிச் சத்தம் கேட்டாலே அந்த அம்மா கதவைத் திறந்துகொண்டு நிற்பாள். ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறவள். பால் புட்டி படியில் எடுக்காமல் இருந்தது. சிஸ்டர் மறுபடி தட்டினாள். உள்ளே ஒரு அசைவும் இல்லை.

ரேடியோவுக்கு முகம் வெளிறிவிட்டது. "சிஸ்டர், மருந்து கொஞ்சம் அதிகமாயிட்டுதோ?" என்றார் மிக மெல்ல.

"இல்ல," என்றாள் சிஸ்டர். கொடுத்தது மிகக் குறைந்த அளவு. இருபத்திரண்டு வருடத்தில் அந்த அளவு யாரையும் ஒன்றும் செய்ததில்லை. அது அவளுக்குப் பாடம். பாடம் தெரிந்த மனுஷிதான் மூன்றாவது தடவையாகவும் கதவைத் தட்டினாள். நானும் அப்படித்தாம்மா சொன்னேன் என்ற குரல் காதுக்குள் நின்றது. பக்கவாட்டில் போய், பின்னறை ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

கட்டிலில் டிரைவர் மல்லாந்து படுத்திருந்தார். மடங்கியே கிடந்த கால்கள் இரண்டும் நீண்டிருந்தன. வாய் திறந்திருந்தது. சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவர் மார்பை எண்ணினாள். ஒரு நிமிடத்தில் பதினாலு. முழுசாக எண்ணி முடித்த பிறகுதான் தன் மூச்சை விட்டாள். பக்கத்துப் படுக்கையில் அந்த அம்மா ஒரு கை தொங்க, கொஞ்சமும் சீரில்லாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சிஸ்டர்?" என்றார் பின்னால் நின்ற ரேடியோ.

"தூங்கறாங்க."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

ரேடியோ சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சைக்கிள் கடையைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றார். எழுப்பலாமா, காத்திருக்கலாமா என்று சிஸ்டர் யோசிப்பதற்குள் அந்த அம்மா புரண்டு, ஜன்னலைப் பார்த்து, திடுக்கிட்டு எழுந்தாள். கதவு திறந்தபோது கொண்டை ஒருபக்கம் சரிந்திருந்தது. கன்னத்தில் தலையணையின் கோடுகள் பதிந்திருந்தன.

"மணி என்னங்க? ஐயோ, வெயில் வந்துடுச்சே! அதிகாலை வேளைக்கு மருந்தை ஊத்திட்டு, சித்த நேரம்னு சாஞ்சேன்..."

உள்ளேயிருந்து தூக்கம் கலையாத குரல் கேட்டது. "யாரு?"

"சிஸ்டர் வந்திருக்காங்க," என்று அவள் திரும்பிச் சொன்னாள்.

குரல் கொஞ்சம் தாமதித்தது. "எத்தனை வீடு முடிச்சுட்டு வராங்க?"

"ஒண்ணும் முடிக்கல அண்ணே!" என்று ரேடியோ சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். "முதல் ட்ரிப்பு!"

சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். டிரைவர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். கண்ணோரம் ஈரம் காது பக்கம் வழிந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அவள் தாளை எடுத்து, வழக்கம்போல் இரண்டாவது கட்டத்துக்காக ரேடியோவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவனை என்ன கேக்கறே? நான் சொல்றேன்," என்றார் டிரைவர். "நாலு. இன்னும் வலிக்குதும்மா."